அலைகளின் பிணக்கும் இணக்கும்

கோயிற் பிரகாரத்திலே நின்று ஒருவர் விரைந்து பேசுவாராயின், அவர் பேச்சு எமக்கு விளங்குவதில்லை. கருங்கற் சுவர்களிலும் தூண்களிலும் பட்டு மீளும் முதற் சொல்லின் எதிரொலி, அடுத்த சொல்லோடு கலந்து இரண்டையும் கெடுத்துவிடுகின்றது. அவரே ஒவ்வொரு சொல்லையும் நீட்டி நிறுத்தி உரைப்பாராயின், எதிரொலி வந்து சேர்ந்த பின்னும் சொல்லின் பெரும்பகுதி கெடாது எஞ்சிநிற்கும். நாமும் பொருளை உணர்ந்துகொள்வோம். ஆனால், மெல்லப் பேசுபவர் ஒரு நாழிகையிற் சொல்லத்தக்கது சிறிதேயன்றோ? விரைவும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்பார் யாது செய்வது?

கம்பியில்லாச் செய்தி அனுப்புந் துறையில் இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் பலர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்தனர். அவர்கள் கண்ட விடையே இன்று எம் ஒவ்வொருவர் கைப்பேசியினுள்ளும் இருந்து தொழிற்படுகின்றது. ஒரு விரைந்த குரலுக்குப் பதிலாகப் பல மெல்லிய குரல்களை வெவ்வேறு சுருதியில் ஒருங்கே பேசவிடுதலே அவ்விடை. சொல்லுதல் எளிது. பல குரல்கள் ஒருங்கே எழுமிடத்து ஒன்றையொன்று குழப்பாது காத்தலே அரிது.

இதன் வரலாற்றை ஆராய நாம் முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. எமது விரிவுரை மண்டபத்தில் இம்முறை ஒரு மணி நேரத்திற் கரும்பலகையில் எழுதி முடிக்கப்பட்டது. யாரோ ஒருவர் ஒரு நாட் காலையிற் கண்டுபிடித்த பொருள் போலும் என்றே நாமும் கருதியிருந்தோம். பின்னர்ப் பழைய ஆராய்ச்சிகளின் வழியே சென்று நோக்கியபோது, அக்கருத்துப் பிழையென்பது புலனாயிற்று. அவ்வாறு நாம் கண்டவற்றைச் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் இம்மலர் வாயிலாகச் சொல்ல விழைகின்றோம்.

வேலியிட்டு வாழ்ந்த காலம்

மின்காந்த அலைகள் இருத்தல் வேண்டும் என்பதை 1864ஆம் ஆண்டில் மக்ஸ்வெல் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் கணிதத்தால் நிறுவினார். அவற்றை 1888ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான ஹேட்ஸ் பரிசோதனையாற் காட்டினார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த சைகையைக் கேட்டதாக அறிவித்தபோது உலகம் வியந்தது. எனினும், அக்காலத்துப் பொறிகள் மின்பொறி பறக்கவிட்டு அலையெழுப்புவன. அவ்வலை ஓரிடத்தில் ஒடுங்கி நில்லாது பரந்து கிடக்கும். இரண்டு நிலையங்கள் ஒரே வேளையிற் பேசினால் இரண்டும் கெடும்.

இதற்குப் பரிகாரமாகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு மீடிறனை வகுக்கும் முறை எழுந்தது. மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகையாகும். 1897இல் ஒலிவர் லொட்ஜ் என்பாரும், 1900இல் மார்க்கோனியும் இவ்வாறு சுருதி கூட்டும் முறைகளுக்கு ஆக்கவுரிமை கோரினர். அம்முறையாற் பிறர் குறுக்கீடு நீங்கிவிடும் என்று மார்க்கோனி தரப்பார் பெருமை பேசியிருந்த வேளையில், 1903 யூன் மாதம் இலண்டன் றோயல் நிலையத்திலே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பேராசிரியர் பிளெமிங் அவையோர்முன் மார்க்கோனியின் செய்தியைப் பெற்றுக்காட்ட ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கையில், நெவில் மஸ்கலைன் என்னும் செப்படி வித்தைக்காரர் அருகிலிருந்து தமது பொறியினாற் கேலிச் செய்திகளை அக்கருவியிற் புகுத்திவிட்டார். குறுக்கீடு என்னும் பகையை எளிதில் வென்றுவிட முடியாது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

காலப்போக்கிற் பொறிகள் திருந்தின. ஒழுங்கான ஒற்றை அலைகளை எழுப்பும் வால்வுகள் வந்தன. செய்தியைச் சுமந்து செல்லும் அவ்வலையைக் காவி அலை என்பர். ஒரு காவிக்கும் அடுத்த காவிக்கும் இடையே வெற்றிடம் விட்டு, அதனைக் காவல் வெளியாக வைத்துக்கொண்டனர். இது காணிக்குக் காணி கிடுகு வேலி அடைப்பது போன்றது. வேலி சண்டையைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆயினும், காணியைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் வேலியிட்டால், பயிரிட நிலம் எங்கே எஞ்சும்? மீடிறன் வெளியும் நிலம் போன்று அளவுடையது, எல்லார்க்கும் பொதுவானது. அதனை வீணாக்குதல் பொதுச்சொத்தை வீணாக்குதலேயாகும்.

எதிரொலி என்னும் இரண்டாம் பகை

இவ்வாறிருக்க, வேலியினால் தடுக்கமுடியாத வேறொரு பகையும் இருந்தது. சிற்றலை வானொலி கேட்ட பெரியோர்க்கு அது நன்கு தெரியும். இரவிலே பாட்டு ஓங்கி ஒலிக்கும்; சற்று நேரத்தில் தேய்ந்து மறையும்; மீண்டும் எழும். ஒரே அலை பல வழியாக வந்து சேர்வதே இதற்குக் காரணம். 1924 டிசம்பரில் அப்பிள்டன், பார்னெற் என்னும் இருவர், போர்ன்மத் நகரத்து ஒலிபரப்பியின் மீடிறனை மெல்ல மாற்றச்செய்து, ஒக்ஸ்பேட்டில் இருந்து அதனைக் கேட்டனர். ஒலி ஏறி இறங்கிய முறையைக் கொண்டு, நிலத்தின் வழியே வந்த அலையும், வானில் உள்ள அயன மண்டலத்திற் பட்டு மீண்ட அலையும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை நிறுவினர். இவ்வாராய்ச்சியின் பயனாக அப்பிள்டனுக்கு 1947இல் நோபெல் பரிசு கிடைத்தது.

பாட்டுக் கேட்பார்க்கு இது சிறு தொல்லை. விரைவாகக் குறிகளை அனுப்புவார்க்கோ பெருங்கேடு. ஒரு குறி முடிவதற்குள் அடுத்த குறியின் மீது முந்தியதன் எதிரொலி வந்து விழும். கணக்கொன்று பார்ப்போம். செக்கனுக்கு 1,500 குறிகள் அனுப்பினால், ஒரு குறியின் ஆயுள் ஒரு செக்கனின் 1,500இல் ஒரு பங்கு. எதிரொலி ஒரு செக்கனின் 500இல் ஒரு பங்கு பிந்தி வருமாயின், அது மூன்று குறிகளைத் தாண்டி விழுந்து குழப்பும். செக்கனுக்கு 75 குறிகள் மட்டும் அனுப்பினாலோ, அதே எதிரொலி ஒரு குறியின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கையே தீண்டும். எஞ்சியது தூயது. அவ்வாறு மெல்லச் செல்லும் இருபது காவிகளை ஒருங்கே அனுப்பினால் விரைவும் குறையாது. சிறுதுளி பெருவெள்ளம் என்னும் முதுமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கொலின்ஸ் றேடியோக் கம்பனியார் செய்த கைனெப்ளெக்ஸ் என்னும் கருவி இதனையே செய்தது. இருபது சுருதிகள், ஒவ்வொன்றிலும் செக்கனுக்கு 75 குறிகள், குறியொன்றுக்கு இரண்டு இலக்கம். ஆக, ஒரு தொலைபேசிக் குரலுக்குரிய ஒடுங்கிய வெளியிலே செக்கனுக்கு 3,000 இலக்கங்கள் சென்றன. அவ்வளவு நெருங்கிய சுருதிகளைப் பிரித்தறிய அவர்கள் கையாண்ட நுட்பமே எம் கதையின் உயிர்நாடி.

வேலியில்லா அயலவர்

அந்நுட்பத்தைச் சிறிது விளக்குவோம். ஒரு குறியின் ஆயுட்காலத்துள் முதலாங் காவி சரியாகப் பத்து முறை அதிர்கிறது என்க. இரண்டாவது பதினொரு முறை, மூன்றாவது பன்னிரு முறை அதிர்கின்றன. பெறுங் கருவி தான் தேடும் காவியோடு ஒத்த அலையொன்றைத் தன்னுள் எழுப்பி, வந்த அலையை அதனாற் பெருக்கி, குறியின் ஆயுட்காலம் முழுவதும் கூட்டுகின்றது. தான் தேடிய காவி மட்டும் கூட்டுத்தொகையைத் தரும். மற்றைக் காவிகள் தரும் நேர்ப்பகுதியும் மறைப்பகுதியும் சரிக்குச் சரியாகக் கழிந்து பூச்சியமாகும். ஒன்றன் மேல் ஒன்று படர்ந்து கிடப்பினும், ஒன்று மற்றதன் கணக்கிற் புகுவதில்லை. கேத்திரகணிதத்திற் செங்கோணத்தில் நிற்கும் இரு கோடுகளுள் ஒன்றன் நிழல் மற்றதன்மேல் விழாதவாறு போல இது இருத்தலின், இவற்றைச் செங்குத்தான காவிகள் என்பர். இங்கே வேலி இல்லை. அளவான இடைவெளியும் நேர ஒழுங்குமே உண்டு.

இவ்வுறவுக்குப் பொதுவான கணித அடிப்படையைத் தந்தவர் பெல் ஆராய்ச்சிக்கூடத்து றொபேட் சாங் ஆவர். 1966 டிசம்பரில் வெளிவந்த கட்டுரையில், ஒரு கால்வாயின் முன்பின் குறிகளும், அயற் கால்வாய்களின் குறிகளும் ஒன்றையொன்று தீண்டாதிருக்க அலைவடிவங்கள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்று அவர் காட்டினார். அவருக்கு 1970 சனவரியில் ஆக்கவுரிமையும் வழங்கப்பட்டது. 1967இல் சோல்ட்ஸ்பேர்க் என்பார் அம்முறையை ஆராய்ந்து ஒரு முடிவு கூறினார். தனித்தனிக் கால்வாயைச் செம்மைசெய்வதிலும், அயற் கால்வாய்கள் ஒன்றினுள் ஒன்று கசிவதைக் குறைப்பதிலேயே பெருங்கவனம் செலுத்த வேண்டும் என்பதே அது. பின்வந்தோர் எல்லோரும் இம்முடிவின் வழியிலேயே நடந்தனர் எனலாம்.

கணக்குக்கு வந்த விரைவு

கருத்துப் பிறந்துவிட்டது, கருவி பிறக்கவில்லை. இருபது சுருதிக்கு இருபது அலையாக்கிகள் வேண்டும். ஆயிரஞ் சுருதிக்கு ஆயிரமா? அத்தனையையும் ஒரே தாளத்தில் நிறுத்த யாரால் முடியும்? இதற்கு விடை கணிதத்தின் வேறொரு மூலையிலிருந்து வந்தது.

எத்தகைய அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கூறியவர் பிரான்சியரான பூரியர். வெப்பம் எவ்வாறு பரவுகின்றது என்பதை ஆராயவே அவர் அதனைக் கண்டார். இப்பிரிப்பை எண்களைக் கொண்டு செய்யப் பெருங் கணிப்பு வேண்டும். 1,024 எண்களாயின் நேர்முறையிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. 1965இல் கூலி, ரூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவு முறையினால் அத்தொகை ஏறக்குறையப் பத்தாயிரமாகக் குறைந்தது. நிலக்கீழ் அணுக்குண்டுச் சோதனைகளை நிலவதிர்ச்சிப் பதிவுகளாற் கண்டறிய வேண்டும் என்னுந் தேவையே அம்முயற்சியைத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. இதிலும் வியப்பான செய்தி பின்னர் வெளிப்பட்டது. சிறுகோள்களின் பாதையைக் கணிக்கும் பொருட்டுக் கவுஸ் என்னும் பேரறிஞர் 1805ஆம் ஆண்டளவிலேயே இம்முறையை எழுதிவைத்திருந்தார். அவர் மறைந்து பத்தாண்டுக்கு மேலான பின், 1866இல் அது இலத்தீன் மொழியில் அச்சேறியது. ஆனால் அதன் பயனை அறிந்தார் எவருமிலர்.

1971இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்து வைன்ஸ்ரீன், ஈபேட் ஆகிய இருவரும், அலையாக்கிகளின் வரிசையை நீக்கி, அவற்றின் வேலை முழுவதையும் பூரியர் கணக்கினாற் செய்யலாம் என்று காட்டினர். ஆயிரங் காவிகளும் ஒரே கணக்கிற் பிறத்தலின், அவற்றின் ஒழுங்கும் தானாகவே அமைந்தது. குறிக்கும் குறிக்கும் இடையே சிறிது வெற்றுநேரம் விட்டு எதிரொலியை அடங்கச் செய்யும் வழியையும் அவர்கள் கூறினர். எனினும், அதே ஆண்டின் இறுதியிலேதான் இன்ரெல் கம்பனியார் 2,300 திரான்சிற்றர்களைக் கொண்ட தமது முதல் நுண்செயலியை விற்பனைக்கு விட்டனர் என்பதை நினைக்குமிடத்து, இக்கணக்கைச் சட்டைப்பையில் அடங்குங் கருவியிற் செய்வது அன்று கனவேயென்பது விளங்கும்.

வெற்றுநேரம் விடுவதிலும் ஒரு குறை இருந்தது. பிந்தி வந்த அலையின் தொடக்கம் வெறுமையாயிருப்பதால், கூட்டுங் காலத்துள் அதன் அதிர்வுகள் முழுமையாக அமைவதில்லை. ஆகவே நேரும் மறையும் சரியாகக் கழியாமல், அயற் காவிகள் கசியத் தொடங்கும். 1980இல் ஐ.பி.எம். நிறுவனத்து பெலெட், றூயிஸ் ஆகியோர் இதற்கு எளிய மருந்து கண்டனர். குறியின் வாற்பகுதியைப் படியெடுத்து அதன் தலையிற் சேர்த்து அனுப்புவதே அது. தலையும் வாலும் கூடிய பூமாலையை எப்பூவிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் ஒரு சுற்றில் எல்லாப் பூக்களும் வந்துவிடுமன்றோ? அதுபோல, எதிரொலி எவ்வளவு பிந்தினாலும், சேர்த்த பகுதியின் அளவைத் தாண்டாதவரை, பெறுங் கருவிக்கு முழுச் சுற்றும் கிடைக்கும், கசிவும் இல்லை.

பகை துணையான விதம்

1985இல் சிமினி என்னும் பெல் ஆராய்ச்சியாளர் இம்முறையை ஓடும் வாகனங்களிலுள்ள வானொலித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1987இல் பிரான்சு தேசத்து அலார், லசால் ஆகியோர் இலக்கமுறை ஒலிபரப்புக்கு இதனை வகுத்தனர். பல வழியில் வரும் அலைகள் மோதும்போது சில காவிகள் தேய்வது இயல்பு. ஆகவே செய்தியைப் பிழைதிருத்துங் குறியீட்டினாற் பின்னி, எல்லாக் காவிகளிலும் பரப்பி அனுப்பினர். சில காவிகள் மாண்டாலும், எஞ்சியவற்றிலிருந்து செய்தியை மீட்டுக்கொள்ளலாம்.

1995இல் நோர்வேயிலும் பிரித்தானியாவிலும் இவ்வொலிபரப்புத் தொடங்கியது. அதில் 1,536 காவிகள். முன்சேர்க்கும் பகுதி ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் 246 பங்கு. அலை அந்நேரத்துள் ஏறக்குறைய 74 கிலோமீற்றர் செல்லும். அவ்வளவு தூர வேறுபாட்டில் வரும் எவ்வெதிரொலியும் தீங்கு செய்யாது. இன்னும் சொல்லப்போனால், அயலூர் ஒலிபரப்பி ஒன்று அதே மீடிறனில் அதே செய்தியை அனுப்பினாலும், பெறுங் கருவி அதனை ஓர் எதிரொலியாகவே கொண்டு வலுப்பெறும். முன்னாளிற் பகையாயிருந்த அயல் நிலையம் இப்போது துணையாயிற்று! நாடு முழுவதற்கும் ஒரே மீடிறன் போதும் என்ற நிலை இதனாலேயே வந்தது. 2017இல் நோர்வே தனது தேசிய ஒலிபரப்புக்களைப் பழைய எப்.எம். முறையிலிருந்து இதற்கு மாற்றிக்கொண்டது.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. 1990களில் ஜோன் சியோபி முதலியோரின் முயற்சியால், தொலைபேசிச் செப்புக் கம்பியிலே இணையத்தைக் கொண்டுசெல்ல இம்முறை உதவியது. 1999இல் வைபை நியமம் ஒன்று 52 காவிகளோடு இதனை ஏற்றது. 2009 டிசம்பரில் ஸ்ரொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் நான்காந் தலைமுறைக் கைப்பேசிச் சேவை, காவிக்குக் காவி செக்கனுக்கு 15,000 அதிர்வு இடைவெளியோடு, தொடங்கியது.

தீராத பிணக்கு

இத்துடன் பிணக்கு ஒழிந்தது என்று கூறுவதற்கில்லை. காவிகளின் இணக்கம் சரியான இடைவெளியைப் பொறுத்தது என்று கண்டோம். புகையிரதம் எம்மை நெருங்குகையில் அதன் ஊதலின் சுருதி ஏறுகின்றது, விலகுகையில் இறங்குகின்றது. அலைகளுக்கும் இஃதொக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடும் வண்டியில், செக்கனுக்கு 200 கோடி அதிர்வுடைய அலை ஏறத்தாழ 185 அதிர்வு வரை பிறழும். இது 15,000இல் நூற்றுக்கொன்றுக்குச் சிறிது மேல். வேகம் மிக மிகக் கசிவும் மிகும். அனுப்புங் கருவிக்கும் பெறுங் கருவிக்கும் சுருதி சிறிது பிசகினாலும் அதே கேடு விளையும்.

இதற்கும் மருந்துகள் காணப்பட்டன. 1994இல் மூஸ் என்பார் ஒரே குறியை இருமுறை அனுப்பி, இரண்டுக்குமிடையே தோன்றும் மாற்றத்தால் பிசகை அளந்து திருத்தும் வழியைக் கூறினார். பின்லாந்து நாட்டிலிருந்து சாவோ, ஹெக்மன் ஆகியோர், ஒரே செய்தியை அடுத்தடுத்த இரு காவிகளில், ஒன்றில் நேராகவும் மற்றதில் மறையாகவும் அனுப்பினால், இரண்டின் கசிவும் ஒன்றையொன்று பெரும்பாலும் கழித்துவிடும் என்று காட்டினர். இதில் விரைவு பாதியாகும். ஊதியம் எதனையும் விலையின்றிப் பெறமுடியாது என்பதை இது நினைவூட்டுகின்றது. ஐந்தாந் தலைமுறை முறையிலே, தேவைக்கேற்பக் காவிகளின் இடைவெளியையே 30,000 ஆகவும் 60,000 ஆகவும் அதற்கு மேலாகவும் அகட்டிக்கொள்ள இடமளிக்கப்பட்டுள்ளது.

இன்னொரு குறையும் உண்டு. பல காவிகள் எதிர்பாராது ஒரே கணத்தில் உச்சத்தை அடையுமாயின், கூட்டலையின் வலு சராசரியைப் போல் பன்மடங்காக எழும். 64 காவிகளாயின் அது 64 மடங்கு வரை செல்லலாம். சைகையைப் பெருக்கும் விரியலாக்கி அதனைத் தாங்காது அலையைச் சிதைக்கும். சிதைவு மீண்டும் அயலவர்க்கு இடையூறாகும். இதனாலன்றோ நான்காந் தலைமுறையிற் கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் வழிக்கு, மின்கலத்தின் நலனையும் கருதி, சற்று மாற்றிய முறையொன்றை வகுத்தனர்.

முடிவுரை

இவ்வரலாற்றினால் நாம் அறிந்தன இரண்டு. வெப்பத்தை ஆராய்ந்த பூரியரும், சிறுகோளைக் கணித்த கவுசும் கைப்பேசியைக் கனவிலுங் கண்டவரல்லர். சாங் தமது கட்டுரையை வெளியிட்டபோதும் அதனை நாடெங்கும் பரப்பத்தக்க கருவி இல்லை. அக்கருத்து ஒலிபரப்பாக மக்களை அடைய ஏறக்குறைய முப்பது ஆண்டு சென்றது. எனவே, இன்று பயன் தெரியாத கல்வியைப் பயனில் கல்வி என்று இகழ்தல் தகாது. கணிதத்தைப் பரீட்சைக்கு மட்டும் படித்து மறக்கும் வழக்கம் எம் மாணவரிடையே உண்டு; நாமும் அதற்கு விலக்கல்லோம். அவ்வழக்கம் எம்மிடமிருந்து எதனைப் பறிக்கின்றது என்பதைக் கவுசின் ஏடு காட்டுகின்றது. எழுதப்பட்டும் படிக்கப்படாத அறிவு ஒன்றரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. மறுமுறை கண்டுபிடித்த பின்னரே, அது முன்னரே இருந்தது என்று தெரியவந்தது.

மற்றையது அயலவரைப் பற்றியது. இடத்தை வேலியாற் பிரித்துக்கொண்டே போனால் ஒருவர்க்கும் போதாது. ஒவ்வொருவரும் தத்தம் சுருதியிலும் தாளத்திலும் பிசகாது நின்றால், ஒரே வெளியில் ஆயிரவர் வாழலாம். ஆனால் அந்த ஒழுங்கு ஒருமுறை அமைந்ததோடு நிலைத்துவிடுவதில்லை. ஓடும் உலகில் அது கணந்தோறும் பிசகும், கணந்தோறும் திருத்தப்படுதல் வேண்டும். அத்திருத்த வேலை இன்னும் முடியவில்லை. விரைந்தோடும் இரயிலுக்கும் விமானத்துக்கும் ஏற்ற புதுமுறைகளை அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சியேடுகளில் எம்மவர் பெயரும் எழுதப்படும் நாள் வருமாயின், அதற்கு இவ்விளைஞர் கூட்டத்திலிருந்தே ஒருவர் புறப்படுதல் கூடாதா?